பால்மர நிரைகளில் ஓர் ஓட்டம்

கோலாலம்பூரில் ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கே வாகனம் நிறுத்த இடம் தேடி அலைய வேண்டிய இடங்களில் புக்கிட் கியாரா அடிவாரமும் ஒன்று. தாமான் துன் டாக்டர் இஸ்மாயில் வீடமைப்புப் பகுதியை ஒட்டியிருக்கும் பச்சைக் குன்று இது. கைத்தடியோடு நடக்கும் பெரியவர்கள், மலைச் சைக்கிள் ஓட்டும் இளைஞர்கள், பிள்ளைகளைக் கூட்டி வரும் பெற்றோர் என்று எல்லாரும் இங்கே வருகிறார்கள். அண்மைக் காலமாக இந்தக் கூட்டத்தில் இன்னொரு வகையினரும் சேர்ந்துகொண்டார்கள். மண் பாதையில், மரவேர்களைத் தாண்டி ஓடும் ‘டிரெயில்’ ஓட்டக்காரர்கள். நானும் அவர்களில் ஒருவன்.

வாரம் ஐந்து நாள் கணினி முன்னால் உட்காரும் வேலை எனக்கு. எங்கள் வட்டார ஓட்டக் குழுவில் சேர்ந்து ஓராண்டாகிறது. இருபது பேர் கொண்ட குழுவில் ஆசிரியர், தாதி, கணக்காளர், லோரி ஓட்டுநர் எல்லாரும் உண்டு. மூன்று இனத்தவரும் உண்டு. தார்ச்சாலையில் ஓடுபவர்கள் சந்தித்தால் முதலில் நேரத்தைத்தான் விசாரிப்பார்கள். இங்கே “முட்டி எப்படி இருக்கு?” என்பதுதான் முதல் கேள்வி.

குழுவின் விதிகள் எளிமையானவை. பாதை பிரியும் இடம் வந்தால் முன்னே போனவர்கள் நிற்க வேண்டும். கடைசி ஆள் வந்து சேர்ந்து தலை எண்ணிய பிறகுதான் அடுத்த அடி. வரிசையின் கடைசியில் எப்போதும் ஒரு சீன அங்கிள் வருவார். எங்களில் பலரைவிட வேகமாக ஓடக்கூடியவர் அவர். ஆனாலும் புதியவர்களுக்குத் துணையாகக் கடைசியில் வருவதைத் தன் பொறுப்பாக எடுத்துக்கொண்டிருக்கிறார்.

மண் பாதையில் ஓடுவதற்கென்று ஒரு பழக்கம் வேண்டும். எட்டிப் போடாமல் சின்னச் சின்ன அடியாக வைக்க வேண்டும். பார்வை காலடியில் இல்லாமல், மூன்று நான்கு அடி முன்னால் இருக்க வேண்டும். ஈரமான வேர் சவர்க்காரம் மாதிரி வழுக்கும். அதை மிதிக்காமல் தாண்டுவது நல்லது. செங்குத்தான ஏற்றத்தில் நடப்பது அவமானமே இல்லை. அனுபவசாலிகளும் அங்கே நடக்கத்தான் செய்கிறார்கள். முதல் நாள் இரவு மழை பெய்திருந்தால் செம்மண் சப்பாத்தில் அப்பிக்கொண்டு ஒவ்வொரு காலும் ஒரு கிலோ கூடிவிடும்.

அன்றும் அப்படி ஒரு நாள்தான். இருபது நிமிடம் ஏறிய பிறகு பாதை சமதளத்துக்கு வந்தது. இருபுறமும் மரங்கள். கவனித்துப் பார்த்தால், புதர் மண்டிய பிறகும் அவை ஏறக்குறைய ஒரே இடைவெளியில் நிற்பது தெரியும். குழுவிலேயே மூத்த பெண்மணி, நாங்கள் எல்லாரும் ‘அக்கா’ என்று கூப்பிடுபவர், ஒரு மரத்தின் அருகே நின்று பட்டையைத் தடவினார்.

“இது நிரை. பால்மரம் நட்ட நிரை. பாத்தீங்களா, சீவுன தழும்பு இன்னும் இருக்கு.”

பேராக்கில் ஒரு ரப்பர் தோட்டத்து லயத்தில் பிறந்து வளர்ந்தவர் அவர். தழும்பின் சரிவைக் கையால் வரைந்து காட்டினார். இடப்பக்க மேலிருந்து வலப்பக்கக் கீழாக உளி இறங்க வேண்டும். பால் ஓடும் நாளங்கள் பட்டைக்குள் சற்றே சாய்ந்திருப்பதால், அந்தப் பக்கமாகச் சீவினால்தான் அதிக நாளங்கள் அறுபடும். ஆழம் கூடினால் மரம் புண்ணாகும், குறைந்தால் பால் வராது. விடியற்காலையில் மரத்துக்குள் நீரழுத்தம் அதிகம் என்பதால் அப்போது பால் நன்றாக ஓடும். வெயில் ஏற ஏற அது குறைந்துவிடும்.

“எங்கம்மா நாலரைக்கு எழும்பிடுவாங்க. இருட்டுலயே பிரட்டுக்குப் போவணும். தலையில விளக்கைக் கட்டிக்கிட்டு நானூறு, ஐந்நூறு மரம். அப்புறம் அதே மரத்தையெல்லாம் திரும்பச் சுத்தி மங்குல இருக்கிற பாலை வாளியில ஊத்தணும்.”

“அப்போ உங்கம்மாதான் எங்களுக்கெல்லாம் முந்துன டிரெயில் ரன்னர், அக்கா,” என்றான் குழுவின் இளைய தம்பி. எல்லாரும் சிரித்தோம். அக்காவும் சிரித்தார். பிறகு, “நாம விழுந்தா எழுந்து படம் பிடிச்சுக்கிறோம். அவங்க விழுந்தா அன்னிக்குப் பாலும் போச்சு, சம்பளமும் போச்சு,” என்றார்.

அதன் பிறகு சற்று நேரம் யாரும் பேசவில்லை. நெற்றியில் விளக்கு, ஈரப் பாதை, அட்டைக்கடி, இருட்டில் ஏற்ற இறக்கம். நாங்கள் உடல்நலத்துக்காகக் காசு கொடுத்துத் தேடி வரும் அத்தனையும் இரண்டு தலைமுறைக்கு முன்பு நம் வீட்டுப் பெண்களின் அன்றாட வேலை.

கோலாலம்பூருக்கும் இந்த வகை ஓட்டத்துக்கும் பழைய உறவு உண்டு. இன்று உலகெங்கும் கிளைகள் உள்ள ‘ஹாஷ் ஹவுஸ் ஹாரியர்ஸ்’ 1938 டிசம்பரில் இங்கேதான் தொடங்கியது. வார இறுதியில் உண்டதையும் குடித்ததையும் கரைக்க, பிரிட்டிஷ் அதிகாரிகளும் அவர்களின் நண்பர்களும் திங்கட்கிழமை மாலைகளில் ஓடினார்கள். அந்த வரலாறு புத்தகங்களில் இருக்கிறது. அதே காலத்தில் விடியலில் நிரைகளைச் சுற்றியவர்களின் வரலாறோ பெரும்பாலும் அக்கா போன்றவர்களின் நினைவில்தான் இருக்கிறது.

மலை இறங்கும்போது அந்த வரலாற்றின் இன்னொரு பகுதி கண்ணில் படும். புக்கிட் கியாரா ஒரு ரப்பர் தோட்டமாக இருந்தது. அரசாங்கம் நிலத்தை எடுத்துக்கொண்ட பிறகு, 1980களின் தொடக்கத்தில், தோட்டத் தொழிலாளர்கள் அடிவாரத்தில் நீள்வீடுகளில் குடியேற்றப்பட்டார்கள். பெரும்பாலும் தமிழ்க் குடும்பங்கள். அது தற்காலிக ஏற்பாடு, நிரந்தர வீடு பிறகு வரும் என்பது அவர்களுக்குச் சொல்லப்பட்ட வாக்கு. தோட்ட நிலத்தில் குழிப்பந்து மைதானம் வந்தது, குதிரையேற்ற வளாகம் வந்தது. நீள்வீட்டில் பிறந்த பிள்ளைகள் வளர்ந்து, கல்யாணமாகி, பிள்ளை பெற்றார்கள். வாக்கு மட்டும் பல்லாண்டுகள் வாக்காகவே இருந்தது.

பக்கத்தில் இருக்கும் தாமான் ரிம்பா கியாரா பூங்காவில் உயர்ந்த அடுக்குமாடிகள் கட்ட 2017இல் அனுமதி தரப்பட்டது. நீள்வீட்டு மக்களுக்கான வீடுகளும் அதே திட்டத்தில் சேர்க்கப்பட்டிருந்தன. வட்டாரவாசிகள் வழக்குத் தொடுத்தார்கள். 2023 ஏப்ரலில் கூட்டரசு நீதிமன்றம் அந்த அனுமதி செல்லாது என்று தீர்ப்பளித்தது. பூங்காவைக் காக்கப் போராடியவர்களும், நீள்வீட்டு மக்களுக்கு அங்கேயே வீடு வேண்டும் என்பதை ஏற்றவர்களே. மரங்களுக்கு நிழல் தரும் நிலம் தேவை என்பது எவ்வளவு நியாயமோ, அந்த மரங்களில் பால் எடுத்தவர்களுக்கு ஒரு கூரை தேவை என்பதும் அவ்வளவு நியாயம். ஒன்றைக் கொடுத்து இன்னொன்றைப் பறிக்கும் நிலைக்கு விடுவதில்தான் அநியாயம் இருக்கிறது.

நம்மில் பலருடைய தாத்தா பாட்டியின் தோட்டம் இன்று வரைபடத்தில் இல்லை. செம்பனையாகவோ தாமானாகவோ நெடுஞ்சாலையாகவோ மாறிவிட்டது. தலைநகருக்குள்ளேயே, சீவிய தழும்போடு பால்மரங்கள் நிற்கும் ஒரு குன்று மிஞ்சியிருப்பது சாதாரண விஷயமல்ல. இதை வெறும் ‘காடு’ என்று சொல்லி ஓடிவிட்டுப் போக எனக்கு இப்போது மனம் வருவதில்லை.

நீங்களும் போகலாம். எம்ஆர்டி ரயிலில் தாமான் துன் டாக்டர் இஸ்மாயில் நிலையத்தில் இறங்கினால் அடிவாரம் தூரமில்லை. வெயில் ஏறுவதற்குள் போய்விடுங்கள். பிடிமானமுள்ள சப்பாத்து, தண்ணீர், கொசு மருந்து போதும். மண் பாதைக்குத் தனியாகப் போக வேண்டாம். கிளைப் பாதைகள் அதிகம். சைக்கிள் வரும் ஓசை கேட்டால் ஓரமாக ஒதுங்கி நில்லுங்கள். குரங்குகளுக்குத் தீனி கொடுக்காதீர்கள்.

வயதானவர்கள் நடக்கத் தார் போட்ட பாதையும் உண்டு. வீட்டில் தோட்டத்தில் வளர்ந்த பாட்டி இருந்தால் அவரையும் கூட்டிப் போங்கள். கீழே விழுந்து கிடக்கும் ரப்பர் கொட்டை ஒன்றை எடுத்து அவர் கையில் கொடுங்கள். சிறு வயதில் அதைத் தரையில் தேய்த்துச் சூடேற்றி யார் கையில் வைத்துச் சுட்டார் என்று பாட்டியே சொல்வார். மற்ற கதைகள் அதன் பின்னாலேயே வரும்.