கன்னி முயற்சியும் கனிந்த திறனாய்வும்

கலை எதுவாயினும் கற்பவர்க்கு இருவர் துணை வேண்டும். ஒருவர் வழிகாட்டும் ஆசான். மற்றொருவர் செய்து முடித்ததைச் சீர்தூக்கிச் சொல்லும் சான்றோர். முன்னவர் எளிதிற் கிடைப்பார், பின்னவர் அரியர். அதனாலன்றோ இடித்துரைக்கும் பெரியோரின் துணையை வள்ளுவர் அரசனுக்கே இன்றியமையாததாக வைத்தார்!

மலேசியத் தமிழிலக்கியத்திற்கு இவ்வுண்மை புதிதன்று. 1950ஆம் ஆண்டில் 'தமிழ் நேசன்' நாளிதழில் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் 'கதை வகுப்பு' நடத்தினர். எழுதத் தொடங்கியோரின் கதைகளைப் பார்த்துக் குறைநிறைகளை எடுத்துரைத்தனர். 1924இல் தோன்றிய அவ்விதழ் 2019இல் நின்றுவிட்டது. ஆயினும் அது காட்டிய நெறி நிற்கவில்லை, நிற்கவும் கூடாது. 1995இல் சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமியின் முயற்சியால் தமிழ்க் கவிதை இணையத்தில் ஏறியது. அன்று தாளில் எழுதிய இளையோர் இன்று திரையில் எழுதுகின்றனர். கருவி மாறினும் கற்பவரின் தேவை மாறவில்லை.

நெகிரி செம்பிலானில் ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. பல இடங்களில் செம்பனையும் போய் வீடமைப்புத் திட்டங்கள் வந்தன. அவ்வாறு கலைந்த தோட்டமொன்றிலிருந்து சிரம்பானில் குடியேறிய குடும்பத்தில் ஐந்தாம் படிவ மாணவி ஒருத்தி. கணினி அறிவியல் பாடத்தில் வலை நிரலாக்கம் பயின்ற அவள், தன் முதல் வலைப்பக்கத்திற்குத் தேர்ந்த பொருள், பாட்டி பால்மரம் சீவிய தோட்டம். பெரட்டுக் களம், லயம், ஆயாக் கொட்டகை, மாரியம்மன் கோவில் ஆகியவற்றின் பழைய படங்களைத் திரட்டினாள். நிலத்தில் அழிந்த ஊர் திரையிலாவது நிலைக்கட்டும் என்பது அவள் ஆசை.

உறவினர் முப்பது பேருக்கு அதனை அனுப்பினாள். 'அருமை', 'சூப்பர்' என்ற சொற்களும் கைகூப்பும் படங்களும் வந்து குவிந்தன. பாட்டி மட்டும் கைப்பேசியைக் கண்ணருகே கொண்டுபோனார், தள்ளிப் பிடித்தார், இறுதியில், "எழுத்தெல்லாம் மூட்டமா இருக்கு, கண்ணு. ஒண்ணும் தெரியல" என்றார். மாணவியின் முகம் வாடியது. பக்கத்தையே அழித்துவிட எண்ணினாள். அழிப்பதற்கு முன், தனக்குத் தமிழ்ப்பள்ளியில் பாடஞ்சொன்ன ஆசிரியரிடம் அதனைக் காட்டினாள்.

ஆசிரியர் சொன்னார்: "முப்பது பேர் உன்னைப் பாராட்டினார்கள், அம்மா. பாட்டி ஒருவர்தாம் உன் பக்கத்தைப் படிக்க முயன்றார்."

பக்கத்தோடு அதன் நிரலையும் அவர் கேட்டு வாங்கினார். வலைப்பக்கத்தின் முகப்பு மூன்றால் ஆனது. எச்.டி.எம்.எல். அதன் உடல், சி.எஸ்.எஸ். அதன் உடை, ஜாவாஸ்கிரிப்ட் அதன் அசைவு. திரையை மட்டும் பார்ப்பவர் உடையைக் கண்டு மயங்குவர். நிரலைப் பார்ப்பவர்க்கே உடலின் நோய் புலப்படும்.

நூலுக்குரிய குற்றங்கள் பத்தென நன்னூலில் பவணந்தியார் வகுத்துள்ளார். அவ்வளவுகோலையே ஆசிரியர் கையில் எடுத்தார். ஒரே பச்சை நிறத்தைப் பதினெட்டு இடங்களில் தனித்தனியே எழுதியிருந்தாள். அது கூறியது கூறல். ஓரிடத்தில் பெயரிட்டு வைத்தால் எங்கும் எடுத்தாளலாம். மாற்றவேண்டின் ஓரிடத்தில் மாற்றினாற் போதும். படங்களுக்கு மாற்றுரை இல்லை; பக்கம் தமிழில் உள்ளது என்னும் குறிப்பும் இல்லை. அது குன்றக்கூறல். பார்வையற்றோர்க்குத் திரையைப் படித்துக் காட்டும் மென்பொருள், மாற்றுரை இல்லாத படத்தை எங்ஙனம் விளக்கும்? மொழி அறியாது தமிழை எங்ஙனம் ஒலிக்கும்? எழுத்துகளின்மேல் ஓயாது பூ உதிர்ந்துகொண்டிருந்தது. அது மற்றொன்று விரித்தல்.

பாட்டியின் முறையீட்டிற்கும் காரணம் கிடைத்தது. கரும்பச்சைப் பின்னணியில் சிவப்பு எழுத்து! சிறிய எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே ஒளி வேறுபாடு குறைந்தது 4.5க்கு 1 என இருத்தல் வேண்டும் என்பது வலைத்தள அணுகல் நெறிகளுள் ஒன்று. மேலும் பக்கத்தின் அகலத்தை 1200 புள்ளிகள் என அவள் இறுக்கிவிட்டாள். கணினிக்கு அது பொருந்தும். கைப்பேசியிலோ எழுத்து எறும்பாய்ச் சுருங்கும்.

இவ்வளவும் கண்ட ஆசிரியர் அனைத்தையும் ஒரே நாளில் கொட்டிவிடவில்லை. பாட்டியின் பேச்சைப் பதிவுசெய்து பக்கத்தில் இணைத்திருந்த நற்செயலை முதலிற் பாராட்டினார். பிறகு, படிக்க இயலாமை என்னும் பெருங்குறையை மட்டும் சொன்னார். ஏனையவற்றை ஒவ்வொன்றாக, அடுத்தடுத்த கிழமைகளில் உணர்த்தினார். நிரலில் ஒரு வரியையும் தாமே திருத்தவில்லை. திருத்தியவரின் கையெழுத்தே மிஞ்சி நிற்கும் கட்டுரை, மாணவரின் கட்டுரை ஆகாதன்றோ! மாணவிக்கும் ஒன்று கற்பித்தார்: "எப்படி இருக்கிறது என்று கேட்டால் 'நன்று' என்பார்கள். எந்த இடத்தில் தடுக்கியது என்று கேள்; உண்மையைச் சொல்வார்கள்."

வெண்ணிறப் பின்னணியில் கருநிற எழுத்துடன் பக்கம் மீண்டும் பாட்டியிடம் சென்றது. இம்முறை அவர் விரலால் தொட்டுத் தொட்டுப் படித்தார். ஒரு படத்தருகே நிறுத்தினார். "இது ஆயாக் கொட்டகை இல்ல, கண்ணு. பால் ஸ்டோரு. கொட்டகை அதுக்குப் பின்னால இருந்துச்சு."

நிரல் வல்லார் எவரும் காட்டியிருக்க முடியாத பிழை அது. எழுத்துத் தெளிந்த பின்னரே அது வெளிப்பட்டது. முதற் குறையைக் கேட்டு மனமுடைந்து பக்கத்தை அழித்திருந்தால், அத்தோட்டத்தின் உண்மை உருவும் பாட்டியின் நினைவோடு மறைந்திருக்கும்.

மாணவரின் கன்னி முயற்சி நாற்றுப் போன்றது. வெறும் புகழ் அதனை அழுகச் செய்யும் மிகைநீர். கடுஞ்சொல் அதனைக் கருக்கும் வெயில். இரண்டையும் அளவறிந்து தருபவரே ஆசிரியர். சிவப்பு மையால் சுழித்தாலும், திரையில் சுட்டிக் காட்டினாலும், அவ்வளவறிதலே ஆசிரியத் தொழிலின் உயிர்.