‘விடும்’ என்ற ஒரு சொல்

  பாலாற்றுப் படுகையில் ஏலகிரி, ஜவ்வாது மலைகளை ஒட்டிய ஊர்களில் தைமாதப் பனி விலகுவதற்குள் விளையாட்டே வீட்டு வாசலுக்கு வந்துவிடுகிறது. அணைக்கட்டு, கே.வி.குப்பம், பனமடங்கி, கீழ்அரசம்பட்டு என்று வேலூர்ப் பக்கமும், ஆம்பூர், வாணியம்பாடி, நாட்றம்பள்ளி என்று திருப்பத்தூர்ப் பக்கமும் தெருவின் இருபுறமும் கம்பு நட்டுத் தடுப்புக் கட்டுகிறார்கள். வீட்டு மாடிகள் பார்வையாளர் மேடைகளாகின்றன. காளை விடும் விழா, மாடு விடும் விழா, எருது விடும் விழா என்று ஊருக்கு ஊர் முதற்சொல் மாறினாலும் ‘விடும்’ என்ற சொல் மட்டும் மாறுவதில்லை. இந்த விளையாட்டின் வேர் எங்கே என்று தேடப் புகுந்த எனக்கு அந்த ஒரு சொல்தான் நூல்பிடித்துப் போக உதவியது. ‘எல்லாம் ஜல்லிக்கட்டின் வகைதானே’ என்ற வழக்கமான பதிலை அது ஏற்கவிடவில்லை. வேலூர் வட்டாரத்தின் இந்த ஓட்டம் ஜல்லிக்கட்டிலிருந்து தேய்ந்து வந்த கிளை அன்று, தனக்கென்று பழைய வேர் கொண்ட விளையாட்டு என்பதே நான் வந்து சேர்ந்த முடிவு. அதற்கான சான்றுகளை ஒவ்வொன்றாக வைக்கிறேன்.

முதலில் விளையாட்டையே அருகில் நின்று பார்ப்போம். கொம்பில் வண்ணம் பூசி, கழுத்தில் சலங்கையும் மாலையும் கட்டிய ஒரு காளையை வாடிவாசலில் நிறுத்துகிறார்கள். மூக்கணாங்கயிற்றை உருவியதும் அது தெருவில் பாய்கிறது. குறித்த தூரத்தை எத்தனை விநாடியில் கடந்தது என்று கடிகாரம் சொல்கிறது, நூறில் ஒரு பங்கு விநாடிகூட முதல் பரிசை மாற்றிவிடும். அடுத்த காளை, மறுபடி கடிகாரம். திமிலைப் பிடித்துத் தொங்க வேண்டிய வீரர் இந்த ஆட்டத்தில் இல்லை. மாட்டுக்கும் மனிதனுக்கும் போட்டி இல்லை, மாட்டுக்கும் நேரத்துக்கும்தான் போட்டி. பரிசு மாட்டுக்காரருக்குப் போகிறது. ரசிகர்கள் காளைகளைப் பெயர் சொல்லி அறிவார்கள், போன வாரம் எந்த ஊரில் எத்தனை விநாடி என்று ஒப்பிடுவார்கள். தென்பாண்டி நாட்டு விளையாட்டுகளின் பெயர்களை இதனருகே வைத்துப் பாருங்கள். ஜல்லிக்கட்டு என்பதில் கொம்பில் கட்டிய சல்லிக் காசு இருக்கிறது, மஞ்சுவிரட்டில் துரத்தல் இருக்கிறது, வடமாட்டில் கயிறு இருக்கிறது. வேலூர் வட்டாரத்துப் பெயரிலோ விடுவது ஒன்றுதான் செயல்.

சட்டமும் இந்த வேறுபாட்டில் தடுமாறியிருக்கிறது. 2009இல் வந்த தமிழ்நாடு ஜல்லிக்கட்டு ஒழுங்குமுறைச் சட்டம், மஞ்சுவிரட்டு, வடமாடு ஆகியவற்றோடு எருது விடும் விழாவையும் சேர்த்து, காளையை அடக்கும் நிகழ்ச்சிகள் என்று ஒரே பட்டியலில் போட்டது. 2014 மே 7ஆம் தேதி உச்சநீதிமன்றம் ஜல்லிக்கட்டுக்குத் தடை விதித்தபோது, யாரும் எதையும் அடக்காத இந்த ஓட்டமும் அந்தப் பட்டியலோடு சேர்ந்து நின்றது. ஜல்லிக்கட்டுக்காக நடந்த மெரினா போராட்டத்துக்குப் பின் 2017 ஜனவரியில் நிறைவேறிய திருத்தச் சட்டத்தின் வரையறையில் அடக்குதல் என்ற சொல் போய்விட்டது. மரபையும் பண்பாட்டையும் பின்பற்றி ஜனவரி முதல் மே வரை நடக்கும் காளை நிகழ்ச்சி என்று அது சொன்னது, எருது விடும் விழாவை அப்போதும் ஜல்லிக்கட்டு என்ற தலைப்பின் கீழேயே வைத்தது. 2023 மே 18இல் உச்சநீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு அந்தச் சட்டத்தை உறுதிசெய்தது. சட்டத்துக்கு ஒரு குடை போதும். வரலாற்றைத் தேடுகிறவர் அந்தக் குடைக்குள் நிற்கிறவர்களைப் பிரித்துப் பார்த்தாக வேண்டும்.

இங்கே எழக்கூடிய முதல் மறுப்பு சங்க இலக்கியத்திலிருந்து வரும். கலித்தொகையின் முல்லைக்கலியில் ஏறு தழுவுதல் விரிவாகப் பேசப்படுகிறதே, அதன் வடதமிழகத்து மிச்சம்தானே இது என்று கேட்கலாம். ஆயர் குலத்து இளைஞன் தழுவுகிறான், வென்றவனை அந்தக் குலத்துப் பெண் மணக்கிறாள் என்பது அந்தப் பாடல்களின் உயிர். காளையைத் தழுவும் ஆண்மகனை எடுத்துவிட்டால் அங்கே கதையே இல்லை. வேலூர் விழாவில் அந்த ஆளுக்கு இடமே இல்லை. பருவமும் பொருந்தவில்லை. தொல்காப்பியம் முல்லைக்கு வகுக்கும் பெரும்பொழுது கார்காலம், அதாவது ஆவணியும் புரட்டாசியும். பாலாற்றுக் காளைகள் ஓடுவதோ தையில் தொடங்கி மாசி, பங்குனி வரை, முன்பனியும் பின்பனியுமான மாதங்களில். சம்பா அறுவடை முடிந்து வைக்கோல் போரேறிய பிறகு, ஏர் ஓய்ந்திருக்கும் இடைவெளி அது. காளைக்குத் தீனியும் உண்டு, ஓய்வும் உண்டு, ஓடுவதற்கு ஏற்ற குளிர்ச்சியும் உண்டு. வெயிலுக்குப் பேர்போன வேலூரில் சித்திரை நடுப்பகலில் ஒரு காளையை முழு மூச்சாக ஓடவிட மாட்டுக்காரர் தயங்குவார். ஆக, இந்த விழாவின் நாள்காட்டி உழவரின் நாள்காட்டியிலிருந்து வந்தது.

தேடலைத் தமிழ் எல்லைக்குள் நிறுத்திக்கொண்டால் பாதி விடைதான் கிடைக்கும். வேலூரின் வடக்கு எல்லையைத் தாண்டினால் சித்தூர். 1911 வரை சித்தூர், வேலூரும் அடங்கிய வடஆர்க்காட்டு மாவட்டத்தில்தான் இருந்தது, மாவட்டத்தின் தலைநகரமும் அதுவே. சந்திரகிரி அருகே ரங்கம்பேட்டையில் சங்கராந்தியை ஒட்டி ‘பசுவுல பண்டுக’ நடக்கிறது. கொம்புகளில் கட்டிய மரப்பலகைகளோடு மாடுகள் ஊர்த்தெருவில் ஓட, இளைஞர்கள் அந்தப் பலகைகளைப் பறிக்கிறார்கள். கிருஷ்ணகிரிப் பக்கம் கொம்பில் அலங்காரத் தட்டி கட்டிய எருதுகளை விடுகிறார்கள். கர்நாடகத்தின் ஹாவேரி, சிவமொக்கா மாவட்டங்களில் தீபாவளிக்குப் பின் ‘ஹோரி ஹப்பா’ வருகிறது, அங்கே ஓடும் காளைமீது கொப்பரைத் தேங்காய் கட்டியிருப்பார்கள். மொழி மூன்று, நாள் வேறு, பரிசு வேறு. எல்லாவற்றிலும் மாறாமல் இருப்பது ஒன்றே: அலங்கரித்த மாட்டை, மக்கள் கூடி நிற்கும் ஊர்த்தெரு வழியாக ஓடவிடுவது. பல இடங்களில் பரவிய ஒரு வழக்கத்தில் எது எங்கும் நிலைத்திருக்கிறதோ அதுவே மூத்தது என்று கொள்வது நியாயம். பலகை பறிப்பதும் தட்டி பறிப்பதும் விநாடி எண்ணுவதும் அந்த ஓட்டத்தின்மேல் பிற்பாடு ஏறிய அளவுகோல்கள். ஊர் தன் மாடுகளைத் தானே பார்த்துப் பெருமைப்படும் அணிவகுப்பாகத்தான் இது பிறந்திருக்க வேண்டும்.

அப்படிப் பெருமைப்பட இந்த வட்டாரத்துக்குக் காரணமும் உண்டு. பழந்தமிழில் மாடு என்றாலே செல்வம், வள்ளுவரும் அந்தப் பொருளில் ஆண்டிருக்கிறார். தமிழ்நாட்டில் நடுகற்கள் செறிந்து கிடக்கும் நிலங்களில் ஒன்று இது. செங்கம் வட்டாரத்து நடுகற்களைத் தமிழ்நாடு தொல்லியல் துறை தொகுத்து வெளியிட்டபோது, தொறு என்ற சொல், அதாவது மாட்டுமந்தை, கல்லுக்குக் கல் வந்தது. ஆம்பூரிலும் பல்லவ மன்னன் நிருபதுங்கனின் 26ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்த நடுகற்கள் கிடைத்துள்ளன, அவையும் மாட்டுக்காக நடந்த சண்டையில் மாண்டவர்களை நினைவுகூர்பவை. காளை ஓட்டம் அன்றே நடந்தது என்பதற்கு இந்தக் கற்கள் சாட்சியாகா. மந்தைக்காக உயிர்விட்டவனுக்குக் கல் நட்ட சமூகம் இங்கே வாழ்ந்தது என்பதற்குச் சாட்சி. ‘ஆம்பூர், வாணியம்பாடி போன்ற தோல் பதனிடும் ஊர்களில் மாட்டைக் கொண்டாடுவது முரண் அல்லவா?’ என்று சிலர் கேட்பார்கள். எனக்கு அது முரணாகத் தெரியவில்லை. கால்நடை நிறைந்த நாட்டில்தான் தோல் தொழில் வேர்விடும். இரண்டுக்கும் சாட்சியாக ஒரு செடியே இருக்கிறது. ஆப்பிரிக்க வாட்டில் பட்டை வருமுன் இந்தப் பக்கத்துத் தோல்கிடங்குகளின் தொட்டிகளில் ஊறியது ஆவாரம் பட்டை. அதே ஆவாரையின் மஞ்சள் பூ, பூளைப்பூவோடும் வேப்பிலையோடும் பொங்கல் காப்பாக வீட்டுக் கூரையில் செருகப்படுகிறது. பட்டை தொழிலுக்குப் போயிற்று, பூ திருநாளுக்குப் போயிற்று, இரண்டும் ஒரே கால்நடை வாழ்வின் பகுதிகள்.

இன்னொரு மறுப்பையும் நான் மதிக்கிறேன். மின்னணுக் கடிகாரம், மோட்டார் சைக்கிள் பரிசு, லட்சக்கணக்கில் விலைபேசப்படும் காளை, இவற்றில் மரபு எங்கே இருக்கிறது என்கிறார்கள். கடிகாரம் புதிதுதான். ஆனால் அது அளப்பது எதை? ஓட்டத்தை. புதிய கருவி பழைய செயலைத்தான் அளக்கிறது. டிராக்டர் வந்தபின் ஏருக்கு வேண்டாதவையாகிப் போன காளைகளைக் கொட்டகையில் வைத்துத் தீனி போட்டு வளர்க்க, இந்தப் பரிசும் பெருமையும் இன்று பலருக்குக் காரணமாக இருக்கின்றன. அந்த வகையில் கடிகாரம் மரபுக்கு ஊன்றுகோலாகியிருக்கிறது.

விலங்குநல ஆர்வலர்களின் கவலையும் மருத்துவமனைப் படுக்கைகளும் எழுப்பும் மறுப்புதான் மிகக் கனமானது. இங்கே காயம்படுபவர்களில் பலர் தடுப்பைத் தாண்டி ஓடுபாதைக்குள் இறங்கி, பாய்ந்துவரும் காளையைத் தட்டவும் தொடவும் முயலும் இளைஞர்கள். காளையும் மிரண்டு தடுப்பில் மோதுகிறது. ‘வீர விளையாட்டில் இதெல்லாம் சகஜம்’ என்று சமாதானம் சொல்கிறவர்கள் ஜல்லிக்கட்டின் நியாயத்தை இந்தத் தெருவுக்குக் கடன் வாங்குகிறார்கள். தழுவும் வீரன் இந்த விளையாட்டின் வேரிலேயே இல்லை என்றால், பாதைக்குள் இறங்கி நிற்பதை மரபின் பெயரால் காக்க முடியாது. தடுப்பை உறுதியாகக் கட்டுவதும், பாதையில் ஒருவரும் இல்லாமல் பார்த்துக்கொள்வதும், ஓடி முடித்த காளை நின்று இளைப்பாற இடம் ஒதுக்குவதும் அதிகாரிகள் திணிக்கும் கெடுபிடிகள் ஆகா, இந்த விழாவின் சொந்த இலக்கணம். அதனால்தான் இதன் தோற்றத்தைத் தேடுவது ஏட்டுச் சுரைக்காயாக எனக்குப் படவில்லை. நம் ஊர்க்காரர்கள் இதற்கு அடக்கும் விழா என்றோ பிடிக்கும் விழா என்றோ பெயர் வைக்கவில்லை. விடும் விழா என்றார்கள். மாட்டை விடுவது அதில் பாதி, அதற்கு வழி விடுவது மீதிப் பாதி.