சேர்க்கை எண்

ஐம்பது அகவையைக் கடந்த தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியர் ஒருவர் சனிக்கிழமைதோறும் பல்கலைக்கழகத்திற்குச் சென்று தரவுத்தள வடிவமைப்புப் பயில்கிறார் என்றால் கேட்போர் புன்னகை செய்வர். ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் நான் கற்றவை கரும்பலகைக் கையெழுத்தும் குழந்தை உளவியலும் பாடக்குறிப்பு எழுதும் முறையுமே. இங்கு உடன் பயில்வோரெல்லாம் என் பழைய மாணவர்களின் வயதினர். விரிவுரையாளராகிய மலாய்ப் பெண்மணியும் என்னைச் ‘சிக்கு’ என்றே மரியாதையோடு அழைப்பார். பட்டத்தின்மீது கொண்ட ஆசையைவிட, பள்ளி ஏடுகளைப் பற்றி நெடுநாள் இருந்த ஐயமே என்னை அங்கே அழைத்துச் சென்றது.

ஒரே மாணவனின் பெயரும் முகவரியும் சேர்க்கைப் பதிவேட்டிலும் வருகைப் பதிவேட்டிலும் பாடநூல் இரவல் பட்டியலிலும் உணவுத் திட்டப் பட்டியலிலும் தனித்தனியே எழுதப்படுகின்றன. அக்குடும்பம் தோட்டத்தை விட்டு நகரத்து அடுக்குமாடிக்குக் குடிபெயர்ந்தால் நான்கிலும் திருத்தவேண்டும். ஒன்று விடுபட்டால், எது மெய் என்று எந்த ஏடும் சொல்லாது. இந்நோய்க்கு 1970ஆம் ஆண்டிலேயே வழி கண்டவர் எட்கர் காட். இங்கிலாந்தில் பிறந்து, அமெரிக்காவில் ஐபிஎம் நிறுவனத்தின் சான் ஹோசே ஆய்வகத்தில் பணியாற்றிய கணித அறிஞர் அவர். ஒரு செய்தி ஓரிடத்தில் மட்டும் நிற்கட்டும், பிற இடங்கள் அதனைச் சுட்டினாற் போதும் என்னும் முறை அவர் கருத்திலிருந்தே வளர்ந்தது. அட்டவணைகளை அவ்வாறு பிரித்தமைப்பதை இயல்பாக்கம் என்பர். இவ்வகைத் தரவுத்தளத்தை ‘உறவுமுறைத் தரவுத்தளம்’ என்று சொன்னால் நம்மவர்க்கு மாமன் மச்சான் நினைவுதான் வரும்! அட்டவணைகள் தம்முள் உறவு கொள்வதால் வந்த பெயர் என்று எண்ணுவோர் பலர். உண்மையில் அது கணிதத்தில் வழங்கும் கலைச்சொல். அட்டவணை ஒவ்வொன்றும் தானே ஓர் ‘உறவு’.

பிரித்தவற்றை மீண்டும் இணைக்கத் திறவுகோல் ஒன்று வேண்டும். மாணவர் அட்டவணை வரையும் பயிற்சியில் எல்லாரும் அடையாள அட்டை எண்ணையே முதன்மைத் திறவுகோலாகக் கொண்டனர். அதில் நியாயம் உண்டு. 12 இலக்கங்களில் முதல் ஆறு பிறந்த நாளையும் அடுத்த இரண்டு பிறந்த இடத்தையும் குறிக்கும். இருவர்க்கு ஒரே எண் வழங்கப்படுவதில்லை. ஆயினும் முதன்மைத் திறவுகோல் ஒருபோதும் வெற்றாக இருத்தல் ஆகாது என்பது இத்துறையின் அடிப்படை விதி. அவ்வெண் இல்லாத பிள்ளை அட்டவணையில் ஒரு வரியாகக்கூட நிற்க இயலாது.

அத்தகைய பிள்ளைகளை நான் அறிவேன். பெற்றோரின் திருமணம் பதிவாகாமலோ, பிறப்பே பதிவாகாமலோ, கையில் பத்திரம் ஏதுமின்றித் தாயின் முந்தானையைப் பற்றிக்கொண்டு அலுவலக வாயிலில் நிற்கும் ஏழு வயதுப் பிள்ளைகள். எழுத்தர் கட்டத்தை நிரப்பாமல் என் முகத்தைப் பார்ப்பார்.

வகுப்பில் இதனை எடுத்துரைத்தேன். “அப்படியானால் எதைத் திறவுகோலாக வைப்பீர்கள், சிக்கு?” என்று விரிவுரையாளர் ஆர்வத்தோடு கேட்டார். சேர்க்கை எண் என்றேன். தடித்த அட்டையிட்ட பழைய பதிவேட்டில், வந்த வரிசைப்படி மையினால் இடப்படும் எண் அது. பிறந்த நாளோ தந்தையின் பெயரோ அதில் இல்லை. இவ்வாறு பொருளேதும் சுமவாத எண்ணைப் பதிலித் திறவுகோல் என்று பாடநூல் கூறுகிறது. ஆறாண்டுப் புள்ளிகளும் வருகையும் அவ்வெண்ணைப் பற்றி நிற்கும். பத்திரம் பின்னாளில் கிடைத்தால் அதற்குரிய கட்டத்தில் எழுதிக்கொள்ளலாம், மற்றெதுவும் மாறவேண்டியதில்லை.

அடையாள எண்ணுக்குரிய கட்டத்தை வெற்றாக விடலாம், எழுதினால் மட்டும் இரட்டிக்கக் கூடாது என்று விதித்தேன். அதிலும் ஒரு நுட்பம் இருந்தது. மைஎஸ்கியூஎல் அத்தகைய வெற்றுக் கட்டங்கள் எத்தனையையும் ஏற்கும். மைக்ரோசாஃப்டின் எஸ்கியூஎல் சர்வரோ, தனி ஏற்பாடு செய்யாவிடில், ஒன்றை மட்டுமே ஏற்கும். பத்திரமில்லாத முதற் பிள்ளை உள்ளே வரும். இரண்டாம் பிள்ளை வாயிலிலேயே நிற்கும்.

விரிவுரையாளர் மேலும் ஒன்று வினவினார்: பத்திரமில்லாத ஒரே பிள்ளை இருமுறை பதிவாகாமல் எவ்வாறு காப்பது? வெற்றையும் வெற்றையும் ஒப்பிட்டால் ஒன்றென்றும் கணினி சொல்லாது, வேறென்றும் சொல்லாது. முன்பு பயின்ற பள்ளி யாது, உடன்பிறந்தோர் எவர் என்று எழுத்தர் அந்தத் தாயை அமரச் செய்துதான் கேட்டறிய வேண்டும் என்றேன். அவ்விடையையும் வரைபடத்தின் ஓரத்தில் எழுதிக்கொடுக்கும்படி பணித்தார்.