திரை மங்கும் அந்த நொடி

குற்றாலச் சாரல் காலம். தென்காசிக் கடையொன்றில் பில் போடும் மென்பொருளைத் திறக்கும்போதெல்லாம் திரை மங்கி, நீலமும் மஞ்சளுமான கேடயத்தோடு அனுமதி கேட்டு ஒரு பெட்டி எழும்: ‘ஆம்’, ‘இல்லை’. வரிசை நீள, கடைக்காரருக்கு அதை ஒரேயடியாக நிறுத்திவிடத் தோன்றும்.

நிறுத்தவே கூடாது.

2007இல் விண்டோஸ் விஸ்டாவோடு வீடுகளுக்கு வந்த இந்தக் காவல், அழைக்காமல் நுழையும் நிரலையும் வாசலில் மறிக்கிறது. நம்பகமான நிரலுக்கு மட்டும் டாஸ்க் ஷெட்யூலரில் ஒரு பணி உருவாக்கி, உச்ச உரிமையோடு இயங்கும்படி குறித்து, அதற்கொரு குறுக்குவழி வைத்தால் கேள்வி வராது. அந்த நிரல் புரோகிராம் ஃபைல்ஸுக்குள் இருப்பது முக்கியம்; டவுன்லோட்ஸில் கிடந்தால் அதன் இடத்தில் வேறொன்று உட்கார்ந்துகொள்ளலாம்.

பக்கத்து மத்தளம்பாறையில் 2011இல் அலுவலகம் திறந்த ஜோஹோ மென்பொருள் நிறுவனத்தின் மேனேஜ்எஞ்சின் பிரிவு, பெரிய நிறுவனங்களுக்கு இதே வசதியைத் தருகிறது: நிர்வாகி உரிமை ஊழியருக்கு இல்லை, குறிப்பிட்ட நிரலுக்கு மட்டும்.