ஒரத்தநாடு: ராத்தங்கலுக்குப் பேர்போன ஊர்

போன மார்கழியில் எங்கள் தெருமுனை டீக்கடையில் ஒரு ஜீப் வந்து நின்றது. கூரைமேல் மடித்துக் கட்டிய கூடாரம், பின்பக்கம் தண்ணீர் கேன், கரி பிடித்த அலுமினியப் பானை ஒன்று. புருஷன், பெண்டாட்டி, பத்து வயதில் ஒரு பையன். கொள்ளிடக் கரையில் ஒரு ராத்திரி, யாரோ இடம் கொடுத்த தென்னந்தோப்பில் இரண்டு ராத்திரி என்று நாலு நாளாகக் கூடாரத்திலேயே படுக்கையாம். பையனுக்கு மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது.

“அண்ணே, இங்க ஒரு ராத்திரி தங்க எடம் இருக்கா? ஏசியெல்லாம் வேணாம். பழைய வீடு மாதிரி திண்ணை, முத்தம்னு இருந்தாப் போதும். அடுத்த ராத்திரி திரும்பக் கூடாரந்தான்.”

டீ ஆற்றிக்கொண்டிருந்தவர் என்னைப் பார்த்தார். நான் ரோட்டைப் பார்த்தேன். அவர் கேட்டதெல்லாம் இருக்கிற கட்டடம் இதே ஊரில்தான் நிற்கிறது. வழிப்போக்கர்கள் இறங்கித் தங்குவதற்கென்றே இருநூறு ஆண்டுக்கு முன்னால் ஒரு ராஜா கட்டியது. அதில் தங்க முடியாது என்பதை ஊர்க்காரன் எந்த வாயால் சொல்வான்?

ஒரத்தநாடு தஞ்சாவூரிலிருந்து பட்டுக்கோட்டை போகிற சாலையில், சுமார் 25 கிலோமீட்டரில் இருக்கிறது. பேரூராட்சி, வட்டத்தின் தலைமையிடம், சட்டமன்றத் தொகுதி. நிர்வாகச் சமாசாரம் அவ்வளவுதான்.

டெல்டா என்றதும் ஊருக்கு ஊர் படித்துறையும் ஆறும் இருக்கும் என்று வெளியூர்க்காரர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். குடமுருட்டி, வெண்ணாறு, வெட்டாறு எதுவும் எங்கள் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை. இது செம்மண் மேடு. ஏரியையும் வானத்தையும் நம்பிக் கிடந்த பூமி. மேட்டூர் அணையை ஒட்டி 1930-களில் கல்லணைக் கால்வாய் வந்த பிறகுதான் எங்களுக்கும் காவிரித் தண்ணீர் என்று ஆயிற்று. தொண்ணூறு வருஷம் ஆகியும் அதை நாங்கள் ‘புது ஆறு’ என்றுதான் சொல்கிறோம். தஞ்சாவூருக்கு வடக்கே, கிழக்கே இருப்பவர்களுக்கு நாங்கள் இன்றைக்கும் கொஞ்சம் மேட்டுக்காட்டு ஆட்கள்தான். அந்த வருத்தம் எங்களுக்கு உண்டு. நெல்லோடு தென்னையும் வைத்தோம். 2018 நவம்பர் 16 விடிகாலையில் கஜா புயல் அதைச் சாய்த்துப் போட்டது. அதைப் பற்றி எழுத ஆரம்பித்தால் சத்திரத்துக்கு வந்து சேர மாட்டேன்.

முத்தாம்பாள் சத்திரம். ஏட்டில் முக்தாம்பாள்புரம். தஞ்சாவூர் மராட்டிய ராஜா இரண்டாம் சரபோஜிக்கு உயிராக இருந்தவள் முக்தாம்பாள். இளமையிலேயே போய்ச் சேர்ந்துவிட்டாள். சாகும்போது நகையோ கோயிலோ கேட்கவில்லை, தன் பெயரில் ஒரு சத்திரம் வைக்கச் சொன்னாள் என்பார்கள். 1802-ல் அது எழுந்தது. காசியிலிருந்தும் ஜகந்நாதத்திலிருந்தும் ராமேசுவரம் போகிறவர்களின் பாதை இதுதான். தஞ்சாவூரை விட்டால் இங்கே, பிறகு ராசாமடம், அப்புறம் கடலை ஒட்டி மணமேல்குடி, மீமிசல் என்று சத்திரங்கள் தொடுத்துக்கொண்டே போகும்.

கட்டடத்தைக் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும். முகப்பின் அடித்தளத்தில் யானையும் குதிரையும் கட்டடத்தையே தேராக இழுத்துப்போவது போலச் செய்திருக்கிறார்கள். ஊர் ஊராக நடந்து வந்து கால் வீங்கியவனுக்கு, நீ உட்கார், உன்னை இது இழுத்துப்போகும் என்று சொல்கிற மாதிரி. (எனக்குத் தோன்றுவது இது. கட்டிய கொத்தனாருக்கு வேறு கணக்கு இருந்திருக்கலாம்.) உள்ளே முற்றம், முற்றத்தைச் சுற்றித் தாழ்வாரம், தாழ்வாரத்தைத் தாங்கும் மரத்தூண்கள். சின்ன வயதில் அந்தத் தூண் ஒன்றில் கன்னத்தை வைத்துப் பார்த்திருக்கிறேன். சித்திரை வெயிலிலும் சில்லென்று இருந்தது. எத்தனை முதுகு சாய்ந்ததோ, ஆள் உட்கார்ந்த உயரத்துக்கு மட்டும் மரம் மழமழவென்றிருந்தது.

இந்தச் சத்திரங்கள் எப்படி நடந்தன என்பதற்கு ராஜாவே சாட்சி. 1799 உடன்படிக்கையில் நாட்டைக் கிழக்கிந்தியக் கம்பெனி வாங்கிக்கொண்டது. கோட்டையும் அரண்மனையும் சரபோஜிக்கு மிச்சம். அந்த நிலையில் 1801-ல் தஞ்சாவூர் ரெசிடெண்டாக இருந்த டோரின் துரைக்கு அவர் ஒரு கடிதம் எழுதினார். சத்திரங்களை என் கையிலிருந்து பிடுங்கிவிடாதீர்கள் என்பதுதான் அதன் சாரம். அங்கே என்ன நடக்கிறது என்பதையும் அதிலேயே விவரிக்கிறார். எந்தச் சாதியானாலும் வந்தவர்களுக்குச் சோறு. சமைத்ததை உண்ணாதவர்களுக்கு அரிசியும் மிளகு முதலான சாமானும். நடு ராத்திரியில் மணி அடித்து, இன்னும் சாப்பிடாதவர்களைக் கூப்பிட்டுப் பரிமாறுவார்கள். காய்ச்சலில் விழுந்தவர்களுக்கு வைத்தியர், பிள்ளைத்தாய்ச்சிக்குக் கவனிப்பு, கைக்குழந்தைக்குப் பால், வழியில் செத்தவர்களுக்கு அவரவர் முறைப்படி காரியம், பெற்றவர்களை இழந்த பிள்ளைக்கு வாத்தியார். ஒரே பந்தி என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். சோறு எல்லோருக்கும் உண்டு, உட்காருகிற இடம் வேறு வேறு. அந்தக் காலம் அப்படி. ஆனாலும் ராஜ்யத்தை இழந்த ஒருவர், வழிப்போக்கர்களுக்குச் சோறு போடும் உரிமையை மட்டுமாவது விட்டுவையுங்கள் என்று வெள்ளைக்காரனிடம் மன்றாடியிருக்கிறார். எங்கள் ஊரில் நான் பெருமைப்படுகிற விஷயம் இதுதான்.

அதே சரபோஜி 1820-ல் சுமார் 3000 பேரைக் கூட்டிக்கொண்டு காசிக்குக் கிளம்பினார். கூடாரம் அடித்துத் தங்கித் தங்கிப் போய்வர இரண்டு வருஷம் போல ஆயிற்று. கூடாரத்து ஈரம் எப்படி இருக்கும் என்று அவருக்கும் தெரிந்திருக்கும்.

என் அப்பாயி, தன் மாமியார் வண்டி கட்டி ராமேசுவரம் போன கதையைச் சொல்லும். ஆறேழு குடும்பம், கூண்டு வண்டிகள். பெரும்பாலும் புளியமரத்தடியில் மாட்டை அவிழ்த்துவிட்டு, மூணு கல் கூட்டிச் சோறாக்கி, வண்டிக்கடியில் சாக்கு விரித்துப் படுக்கை. இரண்டு மூன்று நாளைக்கொரு தடவை ஒரு சத்திரம். அங்கேதான் தலைக்கு ஊற்றிக்கொள்வது, துணி அலசுவது, மாட்டுக்கு லாடம் பார்ப்பது, வண்டி மை போடுவது எல்லாம். “மரத்தடியிலயே கெடந்தா ஒடம்பு மண்ணாப் போயிடும். சத்தரத்துலயே கெடந்தா காலு நடக்க மறந்துடும்” என்று அந்த மாமியார் சொல்லுமாம். ஜீப்பில் வந்தவர் கேட்டதும் இதைத்தானே?

1914-ல் பாம்பன் பாலம் போட்டு ரயில் ஓட ஆரம்பித்ததும், நடந்தும் வண்டியிலும் போவது குறைந்தது. அதற்கு முன்பே, 1855-ல் சரபோஜியின் மகன் சிவாஜி ராஜாவோடு தஞ்சாவூர் அரசும் முடிந்து, சத்திரங்கள் சர்க்கார் கைக்குப் போயிருந்தன. எங்கள் சத்திரம் பல காலம் பிள்ளைகள் தங்கிப் படிக்கும் விடுதியாக இருந்தது. அதைக் குறை சொல்ல மாட்டேன், அதுவும் ராஜா நினைத்த காரியத்தில் பாதிதான். எங்களுக்கு ரயிலும் வரவில்லை என்பதுதான் வேடிக்கை. தஞ்சாவூர் – பட்டுக்கோட்டை ரயில் பாதை ஒவ்வொரு தேர்தலுக்கும் எங்கள் ஊர் வழியாக வந்துபோகும். தண்டவாளம் மட்டும் வராது.

இப்போது என்ன இருக்கிறது? பட்டுக்கோட்டை, தஞ்சாவூர் என்று எங்கே போனாலும் ஒரே மாதிரி லாட்ஜ். கீழே பார், மேலே அறை, ஜன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டடத்துச் சுவர். புருஷன் பெண்டாட்டி இரண்டு பேருக்கும் ஆதார் நகல் கொடுத்து, இவள் யார் என்கிற மாதிரி ஒரு பார்வையையும் வாங்கிக்கொள்ள வேண்டும். அதை விட்டால் ஆற்றங்கரையில் ‘ஹெரிடேஜ்’ என்று பலகை மாட்டிய ரிசார்ட். சுவருக்குச் சுவர் தஞ்சாவூர்த் தட்டு, வாசலில் இழுக்க மாடில்லாத ஒரு மாட்டு வண்டி. ஒரு ராத்திரி வாடகையில் எனக்குக் குறுவைக்கு உரம் வாங்கிவிடலாம். இடைத்தரமாக, சுத்தமான பாயும் தலையணையும், கிணற்றுத் தண்ணீரும், காலையில் இட்லியும் கொடுக்கிற இடம் எங்கேயும் கிடையாது. ஒரு தாலுகாவுக்கு ஒன்று வேண்டாமா?

ஆகஸ்ட் கடைசியில் நீடாமங்கலம் பக்கம் போய்ப் பாருங்கள். வேளாங்கண்ணிக்கு நடக்கிறவர்கள் காவி கட்டிக்கொண்டு, பெட்ரோல் பங்க் ஓரத்திலும் பூட்டிய கடை வாசலிலும் துண்டை விரித்துக் கிடப்பார்கள். அதே ஊரில் தஞ்சாவூர் ராஜா பிரதாபசிம்மன் காலத்து யமுனாம்பாள் சத்திரம் இருக்கிறது. வழிநடைக்காரர்கள் இன்னும் இருக்கிறார்கள், சத்திரமும் இருக்கிறது. நடுவில் ஒரு பூட்டு.

மற்றவர்களை மட்டும் ஏன் சொல்ல வேண்டும். தெருவில் எத்தனையோ வீட்டுத் திண்ணைகளை இடித்து கார் நிறுத்த இடமாக்கிவிட்டோம். என் வீட்டில் திண்ணை தப்பியது, ஆனால் இரும்புக் கிரில் போட்டுவிட்டேன். அன்றைக்கு ராத்திரி அந்தக் கிரிலைத் திறந்துதான் ஜீப்காரர்களைப் படுக்க வைத்தேன். என் வீட்டுக்காரி பையனுக்கு மிளகு ரசம் வைத்துக் கொடுத்தாள். காலையில் அவர்களைச் சத்திரத்துக்குக் கூட்டிப்போய் வெளியிலிருந்து காட்டினேன். பையனின் அம்மா முகப்பு யானையைப் படம் எடுத்துக்கொண்டது. “உள்ள போலாமா மாமா?” என்றான் பையன். அடுத்த தடவை வா என்றேன்.

அவர்கள் போன மறுவாரம் ஒரு மனு எழுதினேன். முழுக் கட்டடமும் வேண்டாம், தாழ்வாரத்தை ஒட்டிய நாலு அறையைச் சுத்தம் செய்து, நியாயமான வாடகைக்கு வழிப்போக்கர்களுக்குத் திறந்துவிடுங்கள், வரும் காசில் கூரை ஓடுகளை மாற்றலாம், தூணுக்கு எண்ணெய் பூசலாம் என்று கேட்டிருந்தேன். எந்த அலுவலகம் என்று சொல்லவில்லை, இன்னொரு மனு கொடுக்கவும் அங்கேதான் போக வேண்டும். மூன்று மாதம் கழித்துப் பதில் வந்தது. திருமணம் போன்ற சுப காரியங்களுக்கு இடம் வாடகைக்கு விடப்படுவதில்லை என்று எழுதியிருந்தார்கள்.