பைக்குள் முடிவாகும் மரம்

கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் வழியாக மலையேறிக் கரியாலூர் போய்ச் சேர்ந்தபோது, நாற்றங்காலில் பெண்கள் பைகளை இடம் மாற்றிக்கொண்டிருந்தார்கள். கடுக்காய், நெல்லி, புங்கன், சில்வர் ஓக். ஒவ்வொரு பையாகத் தூக்கி, அடித்துளை வழியே வெளியே நீட்டிய வேரை நறுக்கி, பக்கத்துப் பாத்தியில் அடுக்குகிறார்கள்.

“விட்டுட்டா வேரு தரையில எறங்கிடும் சார். நடுற அன்னைக்கு இழுத்தா ஆணிவேரு அறுந்துரும். மேல பச்சையாத்தான் இருக்கும், அப்புறம் நின்னபடியே காயும்” என்றார் மூத்த அக்கா ஒருவர். நறுக்கிய கன்றுகளைச் சில நாள் நிழலில் வைத்து, காயம் ஆறிப் பக்கவேர் விட்டபிறகே வெயிலுக்கு மாற்றுகிறார்கள்.

என்னை அதிகம் நிறுத்திவைத்தது, தாய்ப்பாத்தியிலிருந்து நாற்றைப் பைக்கு மாற்றும் வேலை. குச்சியால் ஆழமாகக் குழி போட்டு, நாற்றைக் கொஞ்சம் கூடுதலாக உள்ளே இறக்கி, பிறகு மெல்ல மேலே இழுக்கிறார் அக்கா. அந்தச் சிறு இழுப்பில் வேர் நேராகத் தொங்கும். அதன் பிறகே மண்ணை அணைக்கிறார். குழி ஆழமில்லை என்றால் வேர்நுனி மேல்நோக்கி மடங்கி, தூண்டில் முள்போல நின்றுவிடும். அப்படி மடங்கியதைப் பிறகு யாராலும் நிமிர்த்த முடியாது.

நேராக இறங்கிய வேருக்கும் ஆபத்து உண்டு. வழவழப்பான பைச்சுவரில் முட்டித் திரும்பி, அடியில் வட்டமாகச் சுருளும். நட்ட பிறகும் சுருள் அவிழ்வதில்லை. பருத்துப் பருத்து ஒன்றையொன்று நெரிக்கும். சில ஆண்டுகள் செழிப்பாக நின்ற மரம் பலத்த காற்றில் அடியோடு சாய்வதற்கு இதுவும் ஒரு காரணம். இதைத் தடுக்கத்தான் ரூட் டிரெய்னர் குழாய்கள். உட்புற வரிகள் வேரைக் கீழ்நோக்கி நடத்தும். அடி திறந்திருப்பதால் நுனி காற்றுப்பட்டுக் காய்ந்து, பக்கவேர்கள் கிளைக்கும். குழாய்களைத் தரையில் வைக்காமல் தாங்கியில் நிறுத்துவது இதற்காகவே.

இந்த மலையில் வேருக்குக் கிடைக்கும் அவகாசம் குறைவு. ஐப்பசி, கார்த்திகை மழையில் நட்டால், தை பிறந்து மேல்மண் காய்வதற்குள் கல்லும் செம்மண்ணுமான சரிவில் ஈரத்தைத் தேடி வேர் இறங்கியாக வேண்டும். சுருண்ட வேரால் அது முடியாது. கோடையில் ஊற்றும் தண்ணீரும் அதைக் காப்பாற்றாது.

2022 செப்டம்பரில் தொடங்கிய பசுமை தமிழ்நாடு இயக்கம், மாநிலத்தின் பசுமைப் பரப்பை 33 சதவீதமாக உயர்த்த நினைக்கிறது. நல்ல நோக்கம். ஆனால் நட்ட கன்றுகளை எண்ணும் நாம், குச்சி பிடித்து வேரை நேராக்கும் இந்தக் கைகளைத் திறன்வாய்ந்த தொழிலாளர்களின் கைகளாக எண்ணுவதில்லை. கூலியிலும் அப்படித்தான் எண்ண வேண்டும் என்பேன்.

ஓரத்தில் இடுப்புயரக் கன்றுகள் சில ஒதுக்கப்பட்டிருந்தன. ஏன் என்றேன். அக்கா ஒன்றின் பையைக் கிழித்துக் காட்டினார். அடிமண்ணே தெரியாமல் வேர் சுற்றியிருந்தது. “கொஞ்சமா சுத்தியிருந்தா, அடிய வெட்டிட்டுப் பக்கத்துல கீறி நட்டுரலாம். இது முத்திப்போச்சு. வர்றவங்க ஒசரத்தப் பாத்து இதத்தான் மொதல்ல கேக்குறாங்க.”