கக்கூஸ் மணமும் ஒரு ஸ்பிறே போத்தலும்

யாழ்ப்பாணத்தில் ‘மணக்குது’ என்றால் பெரும்பாலும் கூடாத மணம். மலையகத்தில் ‘மணக்குது’ என்றால் நல்ல மணம், கூடாததுக்கு ‘நாறுது’ என்பார்கள். எங்கள் வாடகை வீட்டுக்கு ஹற்றன் பக்கமிருந்து முதலாம் வருசத் தங்கச்சி ஒருத்தி வந்து சேர்ந்த கிழமைதான் எங்களுக்கு இந்த வித்தியாசம் தெரிந்தது. “கக்கூஸ் மணக்குது, ஒருக்கா என்னெண்டு பாருங்கோ” என்று எங்களில் ஒருத்தி சொல்ல, “யாருக்கா உள்ளுக்கு சென்ட் அடிச்சது?” என்று அவள் கேட்டாள். நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். அவளும் சேர்ந்து சிரித்தாள்.

நாங்கள் ஐந்து பேர், அவளோடு ஆறு. எல்லாரும் கலைப்பீடம். திருநெல்வேலியில், கம்பஸுக்கு நடந்து போகக்கூடிய தூரத்தில், ஒரு வீட்டின் பின்பக்கத்தில் இரண்டு அறைகள். ஆறு பேருக்கும் ஒரு கக்கூஸ். குந்தியிருக்கிற கக்கூஸ். ஒரு வாளி, ஒரு கோப்பை, மேலே ஒரு சாண் அகலத்தில் ஒரு ஜன்னல். குளிக்கிறதெல்லாம் கிணற்றடியில்.

மாசி, பங்குனி வெயிலில் மணம் கூடிக்கொண்டே போனது. வீட்டுக்கார அன்ரி ஒருநாள் பின்பக்கம் வந்து மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றா. “முந்தி இருந்த பிள்ளையள் காலத்தில இப்பிடி இல்லை. லயத்தில இருந்து வாற பிள்ளையளுக்கு இதுகள் பழக்கமில்லைதானே, நீங்கள்தான் சொல்லிக் குடுக்கவேணும்.” தங்கச்சி அப்போது அறைக்குள்தான் இருந்தாள். கதவு திறந்திருந்தது. நாங்கள் ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. வாடகை குறைவான வீடு, அன்ரியோடு கொளுவக்கூடாது என்று நினைத்தோம். உண்மையைச் சொன்னால் அன்ரி சொன்னதில் பாதியை நம்பவும் செய்தோம்.

அந்தக் கிழமைதான் ஸ்பிறே செய்கிற யோசனை வந்தது. போனில் பார்த்த வீடியோ ஒன்றில் ஒரு வெள்ளைக்காரப் பெண், போவதற்கு முதல் கொமட்டுக்குள் நாலுதரம் அடித்துக் காட்டினா. எண்ணெய் தண்ணீருக்கு மேல் ஒரு மெல்லிய படையாக மிதக்கும், விழுவது அதுக்குக் கீழே போய்விடும், மணம் மேலே வராது. கேட்க நல்லாயிருந்தது. கடையில் விற்கிற ஸ்பிறே எங்கள் கைக்கு எட்டாது. ஆளுக்கு 150 ரூபாய் போட்டோம்.

யூக்கலிப்டஸ் தைலம் தங்கச்சியிடமே இருந்தது. தடிமனுக்கு என்று அவளுடைய அம்மா கொடுத்துவிட்டது. கறுவா இலை எண்ணெய் ஒருத்தியின் அக்கா காலிக்குப் போனபோது வாங்கி வந்தது. நுளம்புக்குப் பூசுகிற சிற்றொனெல்லாவும் சேர்ஜிக்கல் ஸ்பிரிட்டும் கடையில் வாங்கினோம்.

செய்முறை இதுதான். 100 மில்லிலீற்றர் ஸ்பிறே போத்தல் ஒன்றில் முதலில் இரண்டு மேசைக்கரண்டி ஸ்பிரிட். அதுக்குள் எல்லா எண்ணெயும் சேர்த்து முப்பது துளி. நல்லாகக் கலக்கிவிட்டு, கொதித்தாறின தண்ணீரால் நிரப்ப வேண்டும். நாங்கள் முதல்தரம் ஸ்பிரிட் இல்லாமல் செய்து பழுதாக்கினோம். எண்ணெய் தண்ணீரில் கரையாது, மேலே தனியாக நிற்கும், ஸ்பிறேயில் வெறும் தண்ணீர்தான் வரும். ஸ்பிரிட் போட்டாலும் தண்ணீர் சேர்ந்ததும் பால்போல் கலங்கும், கொஞ்சத்தில் பிரியும். அதனால் ஒவ்வொரு தரமும் குலுக்கித்தான் அடிக்க வேண்டும்.

இன்னும் சிலது அனுபவப்பட்டுத் தெரிந்துகொண்டோம். கறுவா மணம் வரும் என்று பார்த்தால் கராம்பு மணம் வந்தது. கறுவா இலை எண்ணெயில் கூட இருப்பது கராம்பில் இருக்கிற அதே யூஜினோல். அது கலக்காமல் கையில் பட்டு ஒருத்திக்குத் தோல் சிவந்து எரிந்தது. எங்களில் இன்னொருத்திக்குத் தொய்வு. பூட்டின கக்கூஸுக்குள் அந்தக் காரமான மணம் நின்றால் அவளுக்கு மூச்சு இழுக்கும். அவளுக்காகத் துளிகளைப் பாதியாகக் குறைத்தோம். ஸ்பிரிட் தீப்பிடிக்கும், நுளம்புத்திரி கொளுத்துகிற இடத்தில் வைக்கக்கூடாது. குளோரின் போட்டுக் கழுவுகிற நாளில் ஸ்பிறேயும் அடிக்கக்கூடாது, கொமட் கழுவுகிற அசிட் திரவமும் ஊற்றக்கூடாது. குளோரினும் அசிட்டும் சேர்ந்தால் வருகிற வாயு நெஞ்சைப் பிடிக்கும்.

போத்தல் வடிவாகத்தான் வந்தது. வேலைதான் செய்யவில்லை. வெள்ளைக்காரப் பெண்ணின் கொமட்டில் அகலமாகத் தண்ணீர் நிற்கிறது. எங்கள் குந்து கக்கூஸில் தண்ணீர் நிற்பது பின்னால் ஒரு சின்ன வளைவுக்குள். முன்னால் அடித்த எண்ணெய் பீங்கானில் வழிந்து போகும். பத்து நிமிசம் யூக்கலிப்டஸ் மணக்கும். பிறகு யூக்கலிப்டஸும் பழைய மணமும் சேர்ந்து மணக்கும். அது இன்னும் மோசம்.

ஆனால் நாங்கள் வெட்கப்படுவது அதுக்காக இல்லை. செய்து முடித்த அன்று போத்தலை அவளிடம்தான் கொடுத்தோம். “நீ போகேக்கை ரெண்டுதரம் அடி, என்ன?” என்று சொன்னோம். அன்பாகத்தான் சொன்னோம். ஆனால் மற்ற ஒருத்திக்கும் அப்படிச் சொல்லவில்லை. “நான் ரெண்டு வாளி ஊத்திட்டுத்தான்கா வாறேன்” என்றாள். “ஓமோம், சும்மா சொன்னது” என்றோம்.

சித்திரைக்குக் கொஞ்சம் முதல் அவளுக்குச் சலக்கடுப்பு வந்தது. காய்ச்சலும் சேர, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனோம். தண்ணீர் குடிக்கிறேல்லையோ, அடக்கி வைக்கிறனீரோ என்று டொக்டர் கேட்க, அவள் எங்களைப் பார்த்தாள். ஒரு மாதமாகப் பின்னேரம் நாலு மணிக்குப் பிறகு அவள் தண்ணீர் குடிப்பதில்லை. கம்பஸிலேயே போய்விட்டு வருவாள். இரவில் வந்தால் விடியும்வரை அடக்குவாள்.

அன்றிரவு கரண்ட் இல்லை. முற்றத்தில் இருக்கும்போது தன்னுடைய அம்மாவைப் பற்றிச் சொன்னாள். அம்மா கொழுந்து எடுப்பவர். மலையில் கக்கூஸ் இல்லை, லயத்துக்குப் போய்வர நேரமும் இல்லை. அதனால் காலையில் தேத்தண்ணியைக்கூட அரைக் கோப்பையோடு நிறுத்துவாவாம். “அம்மாவுக்கும் அடிக்கடி இந்த வருத்தம் வருங்கா. நான் படிக்க வந்ததால எனக்கு அது வராதுன்னு நெனச்சேன்.” எங்களுக்குச் சொல்ல ஒன்றும் இருக்கவில்லை.

சித்திரை வருசத்துக்கு எல்லாரும் ஊருக்குப் போனோம். பதினாறு நாள் பின்பக்கம் பூட்டியிருந்தது. திரும்பி வந்து கக்கூஸ் கதவைத் திறந்தால் வயிற்றைப் பிரட்டுகிற மணம், கூழ்முட்டை மணம். பதினாறு நாளாக அதுக்குள் ஒருத்தரும் போகவில்லை. தங்கச்சி ஹற்றனில் இருந்தாள். அப்படியென்றால் இது ஆருடைய மணம்?

எங்களில் ஒருத்தியின் அப்பா மன்னாரில் பைப் வேலை செய்கிறவர். போன் எடுத்தோம். அவர் ஒரு கேள்விதான் கேட்டார். “பிள்ளை, நிலத்தில தண்ணி போற ஓட்டை ஒண்டு வேற இருக்கோ? லைற் அடிச்சுப் பார், அதுக்குள்ள தண்ணி நிக்குதோ?”

போன் லைற்றை அடித்துப் பார்த்தோம். தண்ணீர் இல்லை. சிலந்தி வலை இருந்தது.

அவர் விளங்கப்படுத்தினார். அந்த ஓட்டைக்குக் கீழேயும் ஒரு வளைவு இருக்கிறது. அதில் எப்போதும் கொஞ்சத் தண்ணீர் நிற்க வேண்டும். குழியில் உண்டாகிற வாயு குழாய் வழியாக மேலே வராமல் மறிப்பது அந்தத் தண்ணீர்தான். உள்ளே குளிக்கிற வீடுகளில் அது தானாக நிரம்பும். நாங்கள் கிணற்றடியில் குளிக்கிறோம், வெயிலில் அது காய்ந்துவிட்டது. குழியின் வாயு நேரே உள்ளுக்கு வருகிறது. கூழ்முட்டை மணம் ஐதரசன் சல்பைட்டு என்று பள்ளிக்கூடத்தில் பாடமாக்கியிருக்கிறோம். பாடமாக்கினதோடு சரி.

ஒரு வாளி தண்ணீரை மெதுவாக ஊற்றினோம். ஜன்னலைத் திறந்துவிட்டோம். பின்னேரம் மணம் இல்லை. நாள்கணக்கில் பூட்டிவிட்டுப் போவதென்றால், தண்ணீருக்கு மேல் இரண்டு கரண்டி தேங்காய் எண்ணெய் விடச் சொன்னார். எண்ணெய் மேலே மிதந்து தண்ணீர் ஆவியாகாமல் காக்குமாம். வீடியோவில் பார்த்த அதே எண்ணெய்ப் படை. எங்களுக்கு அது தேவைப்பட்டது வேறு ஓட்டையில்.

அன்ரியிடம் சொன்னோம். “அப்பிடியோ, நல்லதாப் போச்சு” என்றா. வேறொன்றும் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை, கேட்டிருக்க வேண்டும். தங்கச்சியிடம் மன்னிப்புக் கேட்டோம். ஐந்து பேரும் ஒருத்தரையொருத்தர் பார்த்துக்கொண்டு நின்று, கடைசியில் எல்லாரும் ஒன்றாகக் கதைத்து, அது சரியாகக்கூட வரவில்லை. “பரவாயில்லக்கா” என்றாள். பரவாயில்லை என்று நாங்கள் நினைக்கவில்லை.

இதை எழுதிவிட்டு முதலில் அவளுக்குத்தான் வாசிக்கக் கொடுத்தோம். பெயர் போட வேண்டாம் என்றாள். ‘நாங்கள் ஐந்து பேர், அவளோடு ஆறு’ என்ற வரியை மாற்றப் பார்த்தோம், அப்படியே இருக்கட்டும் என்றாள்.

ஸ்பிறேயை இப்போதும் செய்கிறோம். துணி அலுமாரிக்கும் குப்பை வாளிக்கும் அது நல்லது. கக்கூஸுக்கு, கிழமைக்கு ஒருதரம் அந்த ஓட்டைக்குள் ஒரு வாளி தண்ணீர். அதுக்கு முறை வைத்திருக்கிறோம், ஆறு பேரின் பெயரும் கதவில் ஒட்டியிருக்கிறது. உங்கள் வீட்டில் மணம் வந்தாலும் முதலில் லைற் அடித்துப் பாருங்கோ. ஆர் கடைசியாகப் போனது என்று கேட்காதேங்கோ.